ஆனோடு என்றால் நேர்மின்வாயா?

போன வாரம் கோபியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கும் மருமகன் திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்து டேனியல் மின்கலம் செய்துகொண்டிருந்தான். ஒன்றில் துத்தநாக சல்பேட்டும் துத்தநாகத் தகடும், இன்னொன்றில் தென்னைக்கு வாங்கி வைத்திருந்த மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்பேட்டைக் கரைத்து அதில் செம்புத் தகடு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த திரி. மீட்டரின் சிவப்பு ஒயரைத் துத்தநாகத்தில் மாட்டினான், மைனஸ் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "மாமா, மீட்டரு பழுதுங்களா?" என்றான். மீட்டரில் பழுதில்லை. அவன் வைத்திருந்த கையேட்டில் 'ஆனோடு, அதாவது நேர்மின்வாய்' என்று போட்டிருந்தது. நேர்மின்வாய் என்றால் பிளஸ் முனை. இந்தக் கலத்தில் துத்தநாகம்தான் ஆனோடு, அதனால் பிளஸ்ஸுக்கான சிவப்பு ஒயரை அதில் மாட்டிவிட்டான்.

இதே வரியை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

ஆனோடு கிரேக்கச் சொல், ஏறும் வழி என்று பொருள். கேத்தோடு இறங்கும் வழி. 1834-இல் விஞ்ஞானி ஃபாரடே, அறிஞர் வில்லியம் ஹியூவெல்லிடம் கேட்டுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சூரியன் ஏறும் திசை, இறங்கும் திசை என்று மனதில் வைத்துத்தான் அந்தப் பெயர்கள். பிளஸ், மைனஸ் என்ற பேச்சே சொல்லுக்குள் கிடையாது.

இப்போது அந்த டம்ளருக்கு வாருங்கள். துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலில் இறங்குகிறது, இது ஆக்சிஜனேற்றம். விட்ட எலக்ட்ரான்கள் ஒயர் வழியாகச் செம்புக்குப் போகின்றன, அங்கே செம்பு அயனி அவற்றை வாங்கிக்கொண்டு தகட்டில் செம்பாகப் படிகிறது, இது ஒடுக்கம். துத்தநாகத்தை நேராக மயில்துத்தக் கரைசலில் போட்டாலும் இதே வினைதான் நடக்கும், ஆனால் எலக்ட்ரான் அங்கேயே கைமாறிவிடும், கரைசல் சூடாகும், அவ்வளவுதான். இரண்டையும் பிரித்து வைத்து, எலக்ட்ரானை ஒயரைச் சுற்றிப் போக வைப்பதால்தான் மின்சாரம் கிடைக்கிறது. திரி, இரண்டு பக்கமும் மின்சுமை தேங்காமல் அயனிகளைக் கடந்து போக விடுகிறது.

ஆக்சிஜனேற்றம் எங்கே நடக்கிறதோ அது ஆனோடு, ஒடுக்கம் எங்கே நடக்கிறதோ அது கேத்தோடு. அப்படியானால் துத்தநாகம்தான் ஆனோடு. எலக்ட்ரானை வெளியே தள்ளுகிற முனை அது, ஆகவே எதிர்முனை. அதை நேர்மின்வாய் என்று எழுதினால் பிள்ளை மீட்டரைச் சந்தேகப்படாமல் வேறென்ன செய்வான்?

இந்தத் தப்பு எப்படி வந்தது என்பது தெரிந்ததுதான். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து வினையை நடத்தும் மின்னாற்பகுப்பில் ஆனோடு பிளஸ்ஸில்தான் இருக்கும். கோவையில் முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைக்குப் போனால் நிக்கல் ஆனோடைப் பிளஸ்ஸில்தான் தொங்கவிடுவார்கள். அங்கே பொருந்திய சொல்லை அப்படியே மின்கலத்துக்கும் தூக்கி வந்துவிட்டார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள், கரண்ட் போய் ஃபேன் ஓடும்போது பிளஸ் தகடு கேத்தோடு, கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது அதே தகடு ஆனோடு. மேலே போட்ட பிளஸ் குறி மட்டும் மாறவே மாறாது. நேர்மின்வாய் அந்தக் குறிக்குத்தான் நல்ல பெயர், அங்கேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் ஆனோடுக்கு ஏற்றவாய், கேத்தோடுக்கு ஒடுக்கவாய். ஆக்சிஜனேற்றத்தில் இருக்கிற ஏற்றம் கிரேக்கத்தின் ஏறும் வழிக்கும் தானாகவே ஒத்துவருகிறது, வினையின் பெயரும் உள்ளே இருக்கிறது. இது பிடிக்காவிட்டால் ஆனோடு என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தூய தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் பொருளைத் தலைகீழாகச் சொல்லும் தமிழ்ச் சொல்லை விடச் சரியான கடன்சொல் மேல். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை மீட்டரைப் பிடித்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

மருமகன் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டுத் துத்தநாகத்துக்குப் பக்கத்தில் 'ஏற்றவாய், மைனஸ்' என்று பேனாவால் எழுதிக்கொண்டான். அப்புறம் கறுப்பு ஒயரைத் துத்தநாகத்துக்கு மாற்றினான்.