கரையாத கட்டியைக் கவ்வி இழுக்கும் வலை

மூளையின் நடுத்தமனி ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். அதை ஒரு ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது கணக்கு. வாய் கோணுகிறது, கை தொங்கிவிடுகிறது, பேச்சு குழறுகிறது. இதுதான் பக்கவாதம்.

கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய தமனியில் நீளமான கட்டி என்றால் அந்த மருந்தும் திணறும். ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? கட்டியின் ஓரத்தைத்தான் அது தொடுகிறது. ஆகவே, கட்டியை இழுத்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி குழாயைக் கழுத்துவரை ஏற்றுகிறார்கள். அதனுள்ளே செல்லும் நுண்குழாய் கட்டியைத் துளைத்து மறுபுறம் போகிறது. அதற்குள் சுருங்கிக் கிடப்பது ஒரு ஸ்டென்ட் வலை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம் அது. தன் பழைய வடிவத்தை மறக்காது. நுண்குழாயைப் பின்னுக்கு இழுத்ததும் வலை விரிந்து, கம்பிகள் கட்டிக்குள் அழுந்துகின்றன. இப்போது சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நொடியும் விலைமதிப்பற்ற நேரத்தில் இந்தக் காத்திருப்பு எனக்குப் பெரும் வியப்பு. ஆனால் கம்பிகள் நன்றாகப் பதிந்தால்தான் பிடி கிடைக்கும்.

இழுக்கும்போது கட்டி உடைந்து, துணுக்குகள் மேலே போய்விடக் கூடாது. அதற்காகக் கழுத்துத் தமனியில் சிறு பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்தி, கீழிருந்து உறிஞ்சுகிறார்கள். வலையே இல்லாமல், அகன்ற மென்குழாயைக் கட்டியின் முகத்தில் பொருத்தி உறிஞ்சி எடுப்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்தும் செய்கிறார்கள்.

சிவப்பணு மிகுந்த கட்டி மென்மையானது. ஃபைப்ரின் புரதம் மிகுந்தது ரப்பர் போல விறைப்பானது; வலையில் எளிதில் சிக்காது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தமனியின் உட்சுவர் உராய்வதால், முதல் இழுப்பிலேயே வருவதுதான் நல்லது.

2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவி தக்கைத் திருகு போன்றது. 2013-இல் வெளியான மூன்று ஆய்வுகள் இந்தச் சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை என்றன. ஆனால் பெரிய தமனி அடைத்திருப்பதைப் படம் எடுத்து உறுதிசெய்து, பெரும்பாலும் ஸ்டென்ட் வலையையே பயன்படுத்திய ஐந்து ஆய்வுகள் 2015-க்குள் தீர்ப்பை மாற்றின. பக்கத்துக் கிளைத் தமனிகள் கசியவிடும் ரத்தத்தால் மூளையின் ஒரு பகுதி அரை உயிரோடு தாக்குப்பிடிக்கிறது. அது இன்னும் மிச்சமிருப்பதை ஸ்கேன் காட்டினால், 24 மணி நேரம் வரைகூடச் சிலருக்குக் கட்டியை எடுக்கலாம் என்பது 2018-இல் தெளிவானது.