வெட்டி: பட்டறை ‘வேஸ்ட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், உற்பத்தித் திறன் பற்றிய பயிற்சி வகுப்புக்குப் போய் எரிச்சலோடு திரும்பினார். வேஸ்ட்டைக் குறைத்தால் லாபம் கூடும் என்றார்களாம். “தரையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்துவைத்து உருக்கி வெள்ளி எடுக்கிறோம். எங்களிடம் ஏது வேஸ்ட்?” என்றார். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். தலைப்பில் ‘கழிவுக் குறைப்பு’ என்று இருந்தது. அவரை வழிதவற வைத்தது அந்தச் சொல்தான்.

கழிவு என்றால் கழித்துப் போட்டது. கண்ணால் பார்க்கலாம், கையால் அள்ளலாம். சேலத்து ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்தபின் எஞ்சும் சக்கை, அதாவது திப்பி, கழிவுதான். ஆனால் அது மாட்டுத் தீவனமாக விலைக்குப் போகிறது. காசு தரும் கழிவும் உண்டு என்னும்போது, லாபத்தைத் தின்பதற்கு அதே பெயரை எப்படி வைப்பது? (‘கழி’ என்ற உரிச்சொல்லுக்கு மிகுதி என்ற பொருளும் உண்டு. நன்னூல் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்கிறது. கழிபேருவகை என்பதில் வருவது இதுதான். மிகையாகச் செய்து குவிப்பதே பெரிய வேஸ்ட் என்று ஜப்பானியர் சொல்வதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

நகைக்கடை மொழியில் இருக்கும் சேதாரமும் பொருந்தாது. சேதம் என்பது வெட்டுதல், துண்டித்தல் என்ற பொருளுள்ள வடசொல்லில் இருந்து வந்தது. அறுக்கும்போதும் அராவும்போதும் உதிரும் உலோகத்தின் கணக்கு அது. செய்கூலியோடு சேர்த்து வாடிக்கையாளரிடமே வாங்கிவிடுகிறோம். ஆங்கில வேஸ்ட்டுக்கு மூலமான லத்தீன் ‘வாஸ்டுஸ்’ வெறுமையாய்க் கிடப்பதைக் குறிக்கும். நம் ‘பாழ்’ அதற்கு நேர்.

தொழிற்சாலைக்காரர்கள் சொல்லும் வேஸ்ட் இவை எதுவும் இல்லை. அது ‘முடா’ என்ற ஜப்பானியச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது ‘இல்லை’ என்பதையும், அடுத்தது குதிரைமேல் ஏற்றும் பொதியையும் குறிக்கும். பொதியில்லாமல் நடக்கும் குதிரை என்று இதற்குக் கதை சொல்வதுண்டு. டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ முடாவை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், இடம் மாற்றிச் சுமத்தல், வேண்டாத பக்குவம் செய்தல், இருப்புச் சேர்த்தல், வீணாக நடமாடுதல், பழுதாகச் செய்தல். முடாவைக் களையும் இந்த உற்பத்தி முறைக்கு ‘லீன்’ என்ற பெயர் 1988இல் ஜான் கிராஃப்சிக் எழுதிய கட்டுரையில் வந்தது. அதை ‘மெலிந்த உற்பத்தி’ என்று தமிழில் எழுதுவது, உற்பத்தியே குறைந்து போனது போல ஒலிக்கிறது.

ஏழுக்கும் அடிப்படை ஒன்றே: வாடிக்கையாளர் காசு கொடுக்காத உழைப்பு. அதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது. வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இச்சொல், கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. வடமொழி ‘விஷ்டி’யின் திரிபு என்பார்கள். கூலியில்லாத வேலை என்பது நாளடைவில் பயனில்லாத வேலையாயிற்று. ‘வெட்டி வேலை’யை இன்று விளையாட்டாகச் சொல்கிறோம். ஆனால் முடாவின் இலக்கணம் அதற்குள் அப்படியே இருக்கிறது.

நண்பரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். உடனே கணக்குப் போட ஆரம்பித்தார். கம்பி இழுப்பது ஒரு தெரு, பற்றவைப்பது இன்னொரு தெரு, மெருகு சிவதாபுரத்தில். 10 கிலோ வெள்ளி அரைகுறைக் கொலுசாக 10 நாள் கிடக்கிறது என்று கொள்வோம். கணக்குக்காகக் கிலோ 1 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால், அந்தப் 10 நாளுக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 3,290 ரூபாய். அதாவது 33 கிராம் வெள்ளி. “அவ்வளவு வெள்ளி தரையில் சிந்தினால் பட்டறையையே பெயர்த்துத் தேடுவேனே” என்றார். நூற்றுக்கு 5 ரூபாய் லாபம் பார்ப்பவருக்கு, அந்த 3,290 ரூபாயை மிச்சப்படுத்துவது 65,800 ரூபாய்க்குக் கூடுதலாக விற்பதற்குச் சமம்.

ஒரு தடை உண்டு. வெட்டி என்றால் ஆளைத் திட்டுவது போலாகிவிட்டது. சரக்கு வராமல் கைகட்டி நிற்கும் தொழிலாளியைப் பார்த்து இந்தச் சொல்லை உதிர்த்தால் அவர் மறுநாள் வேலைக்கு வரமாட்டார். வராமல் இருப்பதும் நியாயமே. எனவே ஆளுக்குச் சேர்க்காமல் வேலைக்கும் நேரத்துக்கும் மட்டும் சேர்க்க வேண்டும். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ‘வெறும்பாடு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. பொதியில்லாத குதிரையும் அதில் வந்துவிடும். பட்டறையில் எது நிற்கும் என்று கேட்டால் என் ஓட்டு வெட்டிக்கே. நண்பரின் கரும்பலகையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: ‘மெருகுக்குப் போகுமுன் 3 நாள் வெட்டி.’