ஸ்போர்ட்: ஒரு கிளை மட்டும் நிறம் மாறினால் தமிழில் என்ன சொல்வது?

அண்ணி கோத்தகிரி பக்கம் ஒரு பாலிஹவுஸில் வேலை பார்க்கிறார். கார்னேஷன் பூ. காலையில் பக்க மொட்டு கிள்ளுவது, தண்டு சாயாமல் வலைக்குள் எடுத்துவிடுவது, அப்புறம் அறுப்பு, கொத்துக் கட்டுவது. கட்டிய பெட்டிகளில் ஒரு பங்கு எங்கள் கூடலூர் வழியாக நாடுகாணி இறங்கி, கேரளத்துக் கல்யாண மேடைகளுக்குப் போகிறது. போன மாதம் சிவப்புப் பாத்தி ஒன்றில், ஒரே செடியில் நாலு தண்டும் சிவப்பாகப் பூத்திருக்க, ஐந்தாவது தண்டில் மட்டும் வெள்ளைப் பூ. வெறும் வெள்ளையும் இல்லை. குங்குமம் தெறித்த மாதிரி இதழுக்கு இதழ் சிவப்புக் கீற்று. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "அது ஸ்போர்ட், பிடுங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாராம். அண்ணி பிடுங்கினார், ஆனால் அந்தத் தண்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஸ்போர்ட்னா விளையாட்டுதானே தம்பி? பூவுக்கு என்ன விளையாட்டு?" என்று என்னிடம் கேட்டார்.

விளையாட்டு என்பது தவறான பொருள் இல்லை. ஆங்கிலத்தில் முதலில் இருந்த சொல் டிஸ்போர்ட். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பொழுதுபோக்கு, கேளிக்கை என்று பொருள். நாளடைவில் முன்னெழுத்துகள் உதிர்ந்து ஸ்போர்ட் ஆயிற்று. தாமரை 'மரை' ஆவதை நாம் முதற்குறை என்போம், அதே கதைதான். இயல்பிலிருந்து விலகிப் பிறந்த உயிர்களையும் செடிகளையும் 'இயற்கையின் விளையாட்டு' என்று பொருள்படும் லத்தீன் தொடரால் ஐரோப்பியர் குறித்து வந்தார்கள். அந்த எண்ணத்தில்தான் தோட்டக்காரர்களும், ஒரு கிளை திடீரென்று வேறு பூ பூத்தால் அதை ஸ்போர்ட் என்றார்கள். டார்வின் இந்தத் தோட்டக்காரர் சொல்லைக் கவனித்தார். 1868இல் இதைப் பற்றி விரிவாக எழுதவும் செய்தார்.

கார்னேஷனில் இது ஏன் இத்தனை பளிச்சென்று தெரிகிறது என்றால், பூ வணிகத்துக்கு வளர்க்கும் செடியைப் பொதுவாக விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்ச்செடியின் பக்கக் கிளையைக் கிள்ளி நட்டு வேர்விடச் செய்கிறார்கள். பாத்தி முழுக்க நிற்பது ஒரே செடியின் துண்டுகள்தான். அதனால் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே உயரம். அந்தக் கூட்டத்தில் ஒரு கிளையின் நுனியில், வளரும் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு செல்லில் நிறத்துக்கான மரபணு மாறிவிட்டால் போதும். அந்தச் செல் பெருகி உண்டாகும் திசுவெல்லாம் புதிய நிறத்தைத்தான் தரும். விதையில் வந்த மாற்றம் இல்லை, தாயும் தகப்பனும் கலந்ததும் இல்லை. உடம்பிலேயே நடந்த மாற்றம்.

இப்படி மாறிய கிளைகளை வைத்தே ஒரு பெரும் வம்சம் உருவாகியிருக்கிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் வில்லியம் சிம் என்ற வளர்ப்பாளர் 1930களின் கடைசியில் ஒரு சிவப்புக் கார்னேஷனைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் பெயரே நின்றது. அந்த ஒரு சிவப்பிலிருந்து வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் சிவப்புக் கோடு என்று நூற்றுக்கணக்கான ஸ்போர்ட்டுகள் பிரிந்தன. பல பத்தாண்டுகள் உலகப் பூக்கடைகளை ஆண்டது இந்தச் சிம் குடும்பம்தான். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. பாத்தி ஓரமாக நடந்துபோன ஒருவர் நின்று பார்த்தார், அந்தக் கிளையைத் தனியாக வெட்டி நட்டார், அடுத்த முறையும் அதே நிறம் வருகிறதா என்று காத்திருந்தார். அவ்வளவுதான். அண்ணி மாதிரி தினமும் பூவைத் தொடுகிறவர்களுடைய கண்ணுக்குத்தான் இது முதலில் படும். அதனால்தான் இந்தச் சொல்லுக்கு அவர்கள் வாயில் புழங்கும்படி ஒரு தமிழ் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தி என்னை ரொம்பவே வியக்கவைத்தது. வெள்ளைச் சிம் பூ உள்ளும் புறமும் வெள்ளை இல்லை. செடியின் நுனி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கானது. மாற்றம் மேல் அடுக்கில் மட்டும் நிகழ்ந்திருக்கிறது; உள்ளே இருப்பது பழைய சிவப்பேதான். பூவின் நிறம் இதழின் மேல்தோலில் இருப்பதால் நம் கண்ணுக்கு வெள்ளை. 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெள்ளைச் சிம் செடிகளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்தினார்கள். சிவப்புப் பூ வந்தது. கதிர் புதிய நிறத்தைப் படைக்கவில்லை, மேலடுக்கு சிதைந்து உள்ளே இருந்த சிவப்பு வெளியே வந்தது என்று கண்டுகொண்டார்கள்.

ஒட்டு, கலப்பு என்ற சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர் நாற்றுப் பண்ணைகளில் எது வித்தியாசமாக இருந்தாலும் 'ஒட்டு ரகம்' என்று சொல்லிவிடுகிறார்கள். கலப்பு என்றால் இரண்டு செடிகளின் மகரந்தமும் சூலும் சேர வேண்டும். அதற்கும் கார்னேஷனே முன்னோடி. 1717 வாக்கில் லண்டனில் தாமஸ் ஃபேர்சைல்டு என்ற தோட்டக்காரர் கார்னேஷனையும் அதன் உறவான ஸ்வீட் வில்லியமையும் சேர்த்து ஒரு செடி உண்டாக்கினார். அது வித்து வைக்கவில்லை. அதனால் 'ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை' என்றே பெயர் வாங்கியது. 1990களில் வந்த ஊதா நிறக் கார்னேஷன் ஸ்போர்ட்டும் இல்லை, கலப்பும் இல்லை, மூன்றாம் வகை. நீல நிறமியை உண்டாக்கும் மரபணு கார்னேஷனுக்குக் கிடையாது. ஃப்ளோரிஜீன், சன்டோரி நிறுவனங்கள் பெட்யூனியாச் செடியிலிருந்து அதை எடுத்துப் புகுத்தின.

சரி, ஸ்போர்ட்டுக்குத் தமிழ் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கை ஒட்டிச் சொன்னால் 'மொட்டுச் சடுதி மாற்றம்' என்று வரும். பொருள் சரிதான், ஆனால் மொட்டு என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். அரும்பு, மொட்டு, முகை, போது எல்லாமே நமக்குப் பூவின் பருவங்கள். இங்கே மாறுவது பூமொட்டு இல்லை, இலைக்கணுவில் முளைக்கும் தளிர்மொட்டு. மொட்டு கிள்ளுவதே வேலையாக உள்ள இடத்தில் 'மொட்டு மாற்றம்' என்றால் ஆள் வேறு எதையோ தேடுவார்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அண்ணி கொண்டுவந்த பூவைப் பார்த்ததும், "இது விகாரம். அங்க பாடப் புத்தகத்தில அப்பிடித்தான் சொல்லுவம்" என்றார். எல்லை தாண்டி மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது உல்பரிவர்த்தனம். மலை ஒன்று, சொல் மூன்று. தாத்தா சொன்னதைத்தான் நான் இரண்டு நாள் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். விகாரம் நன்னூல் சொல். புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூ, கொடி சேர்ந்தால் பூங்கொடி, ஓர் எழுத்து தோன்றுகிறது. பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம், எழுத்து திரிகிறது. மரம், வேர் சேர்ந்தால் மரவேர், எழுத்து கெடுகிறது. மரபணுவும் ஓர் எழுத்து வரிசை மாதிரிதான். அதிலும் இதே மூன்றுதான் நடக்கும்: ஓர் எழுத்து கூடும், மாறும், போகும். அண்ணியின் பூவில் இருந்ததுபோன்ற கீற்றுகள் பல கார்னேஷன்களில் உண்டாவதும் இப்படித்தான். நிற மரபணுவுக்குள் ஒரு துண்டு வந்து உட்கார்ந்தால் நிறம் நின்றுவிடும். சில செல்களில் அந்தத் துண்டு மறுபடி குதித்து வெளியேறும்; அங்கே மட்டும் சிவப்பு திரும்பும். முதலில் தோன்றல், பிறகு கெடுதல். இலங்கைத் தமிழர் கைக்கொண்ட சொல் எவ்வளவு பொருத்தம்!

ஆனால் தமிழ்நாட்டில் 'விகாரமான முகம்' என்று பழகிவிட்ட காதுக்கு, அழகான பூவை விகாரம் என்று சொன்னால் ஒட்டாது. அதனால் அந்த மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்து, பொதுப்பெயராக்கி, 'கிளைத்திரிபு' என்கிறேன். கிளை என்பதால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. திரிபு என்பதால் கலப்பு இல்லை என்று தெரிகிறது. பால் திரிந்துபோனதைச் சொல்லும் சொல்லாயிற்றே என்று அண்ணி கேட்டார். உண்மைதான். ஆனால் திரிசொல்லை யாரும் கெட்டுப்போன சொல் என்பதில்லையே. மலையாளத்தில் பால் 'பிரிகிறது'. திரிவது என்றால் திரும்புவதுதான். பூ வேறு பக்கம் திரும்பிக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கிளைத்திரிபு என்பது நிகழ்ச்சி. அது உடனே புதிய ரகம் ஆகிவிடாது. ரகம் என்பதே அரபியின் 'ரக்ம்' என்ற சொல், எண், இலக்கம் என்று பொருள். உருது வழியாக நமக்கு வந்து வகையைக் குறித்தது. தெலுங்கிலும் அதுவே. மலையாளத்தில் இனம். ரகமாகப் பதிவு பெற வேண்டுமானால் இந்தியாவின் 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். மற்றதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், மறுபடி மறுபடி நட்டாலும் அப்படியே வர வேண்டும். பல கிளைத்திரிபுகள் மூன்றாவதில் தோற்கும்.

அண்ணி கொண்டுவந்த தண்டின் கணுக்களில் மூன்று பக்கக் கிளைகள் இருந்தன. விரல் நீளத்துக்கு வெட்டி மணலில் நட்டு, கண்ணாடிக் குவளை கவிழ்த்து வைத்திருக்கிறார். நாலாவது வாரம் இரண்டில் வெள்ளை வேர் தெரிந்தது. தொட்டி மேல் ஒட்டிய தாளில் தேதிக்குக் கீழே 'கிளைத்திரிபு 1', 'கிளைத்திரிபு 2' என்று எழுதியிருக்கிறார். இன்னும் பூக்கவில்லை.