கால் ரத்த ஓட்டம்: வந்து சேரவில்லையா, திரும்பிப் போகவில்லையா?

கால் மரத்தாலும், வீங்கினாலும், சில்லிட்டாலும் "ரத்த ஓட்டம் சரியில்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். காலுக்கு ரத்தம் வந்து சேராதது ஒரு கோளாறு, அது தமனியில். வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பாதது இன்னொன்று, அது சிரையில். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய நேரெதிர். சிரைக் கோளாறுக்கு நல்லது செய்யும் இறுக்கமான காலுறையை, தமனி நன்றாக அடைபட்ட காலில் மாட்டினால் தோல் கருகிப் புண்ணாகலாம்.

பிரித்தறிய முதல் துப்பு, கால் எந்த நிலையில் சுகம் காண்கிறது என்பது. சிரைக் கோளாறு உள்ள கால் நின்றால் கனக்கும், மாலையில் வீங்கும், தலையணை மேல் தூக்கி வைத்தால் இதமாக இருக்கும். நாள்பட்டால் கணுக்காலைச் சுற்றித் தோல் பழுப்பேறும். புண் வந்தால் பெரும்பாலும் உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும். தமனி அடைபட்ட காலோ தூக்கினால் வெளுக்கும், தொங்கப்போட்டால் கருஞ்சிவப்பாகும். முற்றிய நிலையில் படுத்தால் பாதம் வலிக்கும். நோயாளி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டபடியே இரவைக் கழிப்பார். இங்கே புண் விரல் நுனியிலும் குதிகாலிலும் வரும்.

இரண்டு பாதமும் ஒரேபோல் சில்லிடுவதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பல பேருக்கு அது உடல்வாகு. ஒரு பாதம் மட்டும் குளிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். குளிரில் கைவிரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது ரேனோ என்ற தனிக் கதை: அங்கே பிரச்சினை பெரிய குழாயின் அடைப்பு அல்ல, சிறு குழாய்களின் மிகையான சுருக்கம்.

தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிவது ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்பியல் கணக்கு. அப்படியும் கால் உடனே முறையிடாது. அடைப்புக்குக் கீழே உள்ள சிறு தமனிகள் தம்மை விரித்துக்கொண்டு சமாளிக்கின்றன. ஆனால், நடக்கும்போது பயன்பட வேண்டிய சேமிப்பு அது. சும்மா இருக்கும்போதே அதில் கைவைத்துவிட்டதால், நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசைக்குப் பற்றாக்குறை வருகிறது. ஏறக்குறைய அதே தூரத்தில் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொள்ளும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். முதுகெலும்பு நரம்பு அழுத்தத்திலும் நடந்தால் கால் வலிக்கும். அந்த வலிக்கு வெறுமனே நிற்பது போதாது, உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த எச்சரிக்கை வராமலே போகலாம். உணர்ச்சி நரம்பு மங்கியிருப்பதால், முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக இருக்கும்.

பரிசோதனை எளிது. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும், பாதத்தின் மேல்புறம் பெருவிரல் தசைநாணை ஒட்டியும் நாடி துடிக்கும். மேல்புற நாடி ஆரோக்கியமான சிலருக்குக்கூடக் கிடைக்காது. ஆகவே அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உறுதிப்படுத்துவது கணுக்கால்–கை அழுத்த விகிதம். நோயாளியைப் 5 முதல் 10 நிமிடம் படுக்கவைத்து, இரு கைகளிலும், கணுக்காலுக்குச் சற்று மேலேயும் ரத்த அழுத்தப் பட்டை கட்டி, கையடக்க டாப்ளரால் (ஒலியலை கொண்டு ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கருவி) மேல் அழுத்தத்தை, அதாவது இதயம் சுருங்கும்போதுள்ள அளவை, அளப்பார்கள். கணுக்காலின் இரு நாடிகளில் கூடுதலான அளவை, கைகளில் கூடுதலான அளவால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. 1.0 முதல் 1.4 வரை இயல்பு, 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் தமனி நோய்; 0.40-க்குக் கீழ் கடுமை. 1.4-ஐத் தாண்டினால் "அருமை" என்று மகிழக் கூடாது. சுண்ணாம்பேறிய தமனியைப் பட்டையால் நசுக்க முடியாததால் வரும் பொய்க் கணக்கு அது. நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் அடிக்கடி பார்க்கலாம். அப்போது பெருவிரல் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் புகையை விடுவதற்கு. இளம் வயதில் விரல்களை இழக்கவைக்கும் பர்ஜர் நோயில் புகையிலையை முழுதாக நிறுத்துவதுதான் வைத்தியத்தின் அடித்தளம். அடுத்தது, வலிக்கும் காலையே நடக்கவைப்பது. மிதமான வலி வரும்வரை நடை, வலி போகும்வரை ஓய்வு, மறுபடி நடை. இப்படி ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். வலி தொடங்கிய உடனே நின்றுவிடுகிறவர்களுக்குப் பலன் குறைவு. அடைப்பு கரைந்துவிடாது, தசை ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதால் நடக்கும் தூரம் கூடுகிறது. ஆனால் பாதத்தில் புண் இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ இந்தப் பயிற்சி கூடாது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெலும் முக்கியமாக மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்கு. காலில் அடைத்த தமனி இதயத்தை மட்டும் விட்டுவைத்திருக்காது என்பதே காரணம். சிலோஸ்டசோல் என்ற மருந்து நடைதூரத்தைக் கூட்டும்; இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. ஓய்விலும் வலி, ஆறாத புண் என்று வந்துவிட்டால் பலூனால் விரித்தோ, காலின் சிரையையே எடுத்து மாற்றுப்பாதை போட்டோ ரத்தத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

வீட்டில் அதிகம் நடக்கும் தவறு வெந்நீர் ஒத்தடம். சூடு பட்ட தசையும் தோலும் கூடுதல் ரத்தம் கேட்கும், அடைபட்ட குழாயால் கொடுக்க முடியாது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவதும் தெரியாது. கதகதப்புக்கு இறுக்கமில்லாத சாதாரண காலுறை போதும்.

திடீரென ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, நாடியின்றி, கடுமையாக வலித்தால், அதிலும் மரத்து அசைக்க முடியாமல் போனால், ரத்தக் கட்டி தமனியை ஒரேயடியாக அடைத்திருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை மீளாமல் போகலாம். தேய்க்காமல், சூடு வைக்காமல், காலை உயர்த்தாமல், ரத்தநாள அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும்.