கடலடிச் சேற்றைப் பிழிவது எப்படி?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “கடலில் மணலைக் கொட்டி நிலமாக்கிவிட்டார்கள். மேலே லாரிகூட ஓடுகிறது. அப்புறம் எதற்கு வேலி போட்டு வருஷக்கணக்கில் சும்மா வைத்திருக்கிறார்கள்? மலை மாதிரி மணலைக் குவிப்பதும், பிறகு அதையே அள்ளிக்கொண்டு போவதுமாக இருக்கிறார்களே, யாருக்குப் பைத்தியம்?”

யாருக்கும் இல்லை. அந்த மணல்மேடு ராப்பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. கடலை நிலமாக்கும் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டமே அதுதான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிரப்ப வேண்டிய பகுதியைச் சுற்றி முதலில் கற்களாலோ கான்கிரீட் பெட்டகங்களாலோ கரை கட்டுவார்கள். தூர்வாரும் கப்பல் கரையைவிட்டுத் தள்ளிப் போய் அடிமணலைத் தண்ணீரோடு உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு வரும். வந்து அடிக்கதவைத் திறந்து கொட்டும், குழாய் வழியே அனுப்பும், அல்லது முன்பக்கக் குழாயால் வானவில் போல வளைத்துப் பீய்ச்சும். துபாயின் பனைத்தீவில் இப்படித்தான் 9 கோடி கன மீட்டருக்கு மேல் மணல் கொட்டினார்கள். பக்கத்திலேயே பாலைவனம் இருந்தும் கடல் மணலைத்தான் எடுத்தார்கள். காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான பாலை மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. கொட்டிய மணல் தளர்வாக இருக்கும் என்பதால் அதிரும் கம்பிகளை இறக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் காட்டியது. அங்கே கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுகத் தீவில் மண் குழம்பாகிப் பீறிட்டு வந்தது.

சரி, மணல் கதை இவ்வளவுதான். தொல்லை மணலுக்குக் கீழே இருக்கிறது.

கரையோரக் கடலடியில் பல இடங்களில் பாறை கிடையாது. ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவிட்ட மென்மையான களிமண்தான் இருக்கும். சிங்கப்பூரைச் சுற்றி இருக்கும் கடற்களிமண்ணில் 100 கிராம் உலர்மண்ணுக்கு அறுபது எழுபது கிராம் தண்ணீர் கலந்திருக்கும். கன அளவில் பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர். அதன் தலையில் பத்துப் பதினைந்து மீட்டர் மணலை ஏற்றினால் அது அமுங்கியே தீர வேண்டும். மண்துகளும் அமுங்காது, தண்ணீரும் அமுங்காது. எனவே தண்ணீர் வெளியேறினால்தான் களிமண் இறங்கும். ஆனால் களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் ஓராண்டில் சில சென்டிமீட்டர்தான் நகரும்.

இதை முதலில் கணக்காகப் பிடித்தவர் கார்ல் டெர்சாகி. முதல் உலகப்போரை ஒட்டி இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தவர். கருவி வாங்கக் காசில்லை. பழைய சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரிக் குப்பையில் கிடைத்த சாமான்களையும் வைத்துக் களிமண்ணை அழுத்தும் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். அவர் கண்டது இது: களிமண்மேல் பாரம் ஏற்றிய கணத்தில் அந்தப் பாரத்தை மண்துகள்கள் தாங்குவதில்லை, இடையில் சிக்கிய தண்ணீர் தாங்குகிறது. அதன் அழுத்தம் எகிறுகிறது. பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியக் கசிய, பாரம் தண்ணீரின் தோளிலிருந்து துகள்களின் தோளுக்கு மாறுகிறது. மாற மாற மண் இறங்குகிறது, கெட்டியாகிறது. 1923-இல் இதற்கு அவர் எழுதிய சமன்பாடு, இரும்புத் துண்டில் வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டின் அதே வடிவம். சேறும் சூடான இரும்பும் ஒரே கணக்குக்கு அடங்குவதைப் படித்தபோது எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

களிமண் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் எந்தக் காலத்திலும் ஆட்சியாளர்கள் சிரிப்பார்கள். ராக்கெட்டுக்கு இருக்கும் கவர்ச்சி சேற்றுக்கு இல்லை. ஆனால் இன்று துறைமுகம், விமானநிலையம், மெட்ரோ என எதைத் தொட்டாலும் அந்தச் சுருட்டுப்பெட்டிக் கணக்கு உள்ளே இருக்கிறது.

அந்தச் சமன்பாட்டிலிருந்து ஒரு விதி வருகிறது. தண்ணீர் வெளியேற ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பாதை இரண்டு மடங்கானால் வெளியேற வேண்டிய தண்ணீரும் இரண்டு மடங்கு, அதைத் தள்ளும் அழுத்தச் சரிவோ பாதி. இரண்டும் சேர்ந்தால் நேரம் நான்கு மடங்கு. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சின்ன மூட்டை சீக்கிரம் கட்டியாகிவிடும். பெரிய மூட்டையில் ஓரம் இறுகிய பிறகும் நடுவில் நீர் நிற்கும்.

இப்போது எண்களைப் போடுவோம். 20 மீட்டர் தடிமனுள்ள களிமண் அடுக்கு. மேலும் கீழும் மணல். நடுவில் சிக்கிய தண்ணீர் 10 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட கடற்களிமண்ணுக்குப் பொருந்தும் அளவுகளை வைத்துப் போட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறுகச் சுமார் 85 ஆண்டு ஆகும். அதற்குள் மேலே வீடு கட்டினால் அது எண்பது ஆண்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். சமமாக இறங்கினாலாவது தொலைகிறது. ஒரு மூலை அதிகம், ஒரு மூலை குறைவு என்று இறங்கினால் சுவர் கிழியும், குழாய் உடையும்.

85 ஆண்டு யார் காத்திருப்பது? களிமண்ணின் தடிமனைக் குறைக்க முடியாது. ஆனால் தண்ணீரின் பயணத் தூரத்தைக் குறைக்கலாமே! மேலே பத்து மீட்டர் ஏறி வர வேண்டாம், பக்கவாட்டில் முக்கால் மீட்டர் நகர்ந்தால் ஒரு வடிகால் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தால்? மணல் நிரப்பிய செங்குத்துத் துளைகளை முதலில் பயன்படுத்தினார்கள். 1930-களின் பிற்பகுதியில் சுவீடனின் வால்டர் ஷெல்மன், நீர் செல்லும் பள்ளங்கள் கொண்ட அட்டைப் பட்டைகளை மண்ணுக்குள் இறக்கிப் பார்த்தார். ஈரச் சேற்றுக்குள் அட்டை! அது வேலை செய்தது. இன்று அதன் வாரிசு பிளாஸ்டிக்கில் வருகிறது: 10 சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன், உள்ளே வரி வரியாகக் கால்வாய்கள், மேலே சேறு நுழையாமல் தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டித் துணி.

இதை இறக்குவதைப் பார்த்தால் பெரிய தையல் இயந்திரம் ஓடுவது போலவே இருக்கும். உயர்ந்த கம்பத்தில் மாட்டிய இரும்புக்குழாய்க்குள் பட்டை சுருளிலிருந்து வந்துகொண்டிருக்கும். அடிமுனையில் சிறு தகடு கோத்திருப்பார்கள். குழாயைக் களிமண்ணின் அடிவரை அழுத்திவிட்டு உருவினால் தகடு நங்கூரமாக அங்கேயே பிடித்துக்கொள்ள, பட்டை மண்ணுக்குள் நிற்கும். மேலே வெட்டிவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி அடுத்தது. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4,400 பட்டைகள். களிமண்ணுக்குள் போகும் 20 மீட்டரை மட்டும் எண்ணினாலே 88 கிலோமீட்டர். சென்னையில் பிடித்தால் காஞ்சிபுரத்தைத் தாண்டிவிடும்.

பலன்? 85 ஆண்டு வேலை ஒன்றிரண்டு ஆண்டில் முடிகிறது. இயற்கையும் கொஞ்சம் கைகொடுக்கிறது: அடுக்கடுக்காகப் படிந்த களிமண்ணில் தண்ணீர் மேலே ஏறுவதைவிடப் பக்கவாட்டில் ஓடுவது சுலபம். கெடுதலும் ஒன்று உண்டு. குழாய் இறங்கும்போது சுற்றியுள்ள களிமண்ணைப் பூசி மெழுகித் துளைகளை அடைத்துவிடும். அதனால் பட்டைகளை ரொம்ப நெருக்கினால் செலவு ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது.

வடிகால் வழி திறக்கும், அவ்வளவுதான். தண்ணீரைத் தள்ள பாரம் வேண்டும். வாசகர் பார்த்த மணல்மலை அந்தப் பாரம். நாளைக்கு அங்கே வரப்போகும் கட்டடமும் சாலையும் தரும் சுமையைவிட அதிகமான மணலை இன்றே ஏற்றி, நாளைய இறக்கத்தை இன்றே வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கி முடிந்ததும் கூடுதல் மணலை அள்ளி அடுத்த மனைக்குக் கொண்டுபோகிறார்கள். மணல் போதாவிட்டால் இன்னொரு தந்திரம் உண்டு, அதையும் 1952-இல் எழுதியவர் ஷெல்மன்தான். நிலத்தின்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி ஓரங்களைப் புதைத்து, உள்ளிருக்கும் காற்றையும் நீரையும் பம்பால் உறிஞ்சினால், மேலே நிற்கும் வளிமண்டலமே நிலத்தை அழுத்தும். சுமார் 4 மீட்டர் உயர மண்ணுக்குச் சமமான பாரம் இப்படிக் கிடைக்கிறது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? களிமண்ணுக்குள் புதைத்த அழுத்தமானிகள் தண்ணீர் இன்னும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று சொல்லும். நிலத்தில் பதித்த அளவுத் தகடுகள் எவ்வளவு இறங்கின என்பதை வாரம்தோறும் அளந்து வரைபடம் போடுவார்கள். கோடு படுக்கையாகும்வரை வேலி அகலாது.

இவ்வளவு தெரிந்தும் ஜப்பானின் கன்சாய் விமானநிலையம் இறங்குகிறதே என்பீர்கள். “கடல் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளியில் உருக்கமான வயலின் வேறு. கடலுக்கு அப்படி எந்த வன்மமும் இல்லை. 1994 செப்டம்பரில் திறந்த அந்தத் தீவு, 18 மீட்டர் ஆழக் கடலில் கட்டியது. கடலடியின் மேலடுக்கு இளம் களிமண் சுமார் 20 மீட்டர்; அதில் முதல் தீவுக்கு மட்டும் சுமார் 10 லட்சம் மணல் வடிகால்கள் இறக்கினார்கள். அந்த அடுக்கு சொன்னபடி இறுகிவிட்டது. ஆனால் அதற்குக் கீழே பழைய காலக் களிமண்ணும் மணலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போகிறது. அவ்வளவு ஆழத்துக்கு எந்த வடிகாலும் எட்டாது. எனவே அங்கே டெர்சாகியின் கணக்கு வடிகால் துணையில்லாமல், தன் பழைய நிதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டத் தொடங்கியதிலிருந்து முதல் தீவு 13 மீட்டருக்கு மேல், 2007-இல் திறந்த இரண்டாவது தீவு 17 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கின்றன. வேகம் ஆண்டுதோறும் குறைகிறது. முதல் தீவில் இப்போது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். இறங்கும் என்று தெரிந்தே முனையக் கட்டடத்தின் 900 தூண்களுக்கும் ஜாக்கி வைக்க வழி செய்திருந்தார்கள். தூணைத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகி, மட்டம் பார்த்துவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் புயலில் ஓடுபாதை மூழ்கியது உண்மை. அதற்குப் பிறகு கடற்சுவரை உயர்த்தினார்கள்.

செலவு எங்கிருந்து வருகிறது என்பதும் கன்சாயில் தெளிவாகத் தெரியும். முதல் தீவு சுமார் 510 ஹெக்டேர். கொட்டிய மண் 18 கோடி கன மீட்டர். வகுத்தால் சராசரி 35 மீட்டர் உயரம். கடல் ஆழமோ 18 மீட்டர். தண்ணீருக்கு மேலே வேண்டியது சில மீட்டர். மீதி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கீழே அமுங்கிப் போவதை ஈடுகட்டவே கொட்டியது! களிமண் அமுங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஹெக்டேருக்கு 10,000 கன மீட்டர் மணல் தண்டம்.

நம் ஊர்ப் பழக்கப்படி சதுர அடிக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரின் துவாஸ் துறைமுக முதல் கட்டத்தில் புதிதாகக் கிடைத்த நிலம் 294 ஹெக்டேர். ஒப்பந்தத் தொகை 242 கோடி சிங்கப்பூர் டாலர். சதுர அடிக்குச் சுமார் 76 சிங்கப்பூர் டாலர். இதில் 28 மீட்டர் உயரமுள்ள 221 கான்கிரீட் பெட்டகங்களால் ஆன கப்பல் மேடையும் அடக்கம். அங்கே நிரப்பியதில் பாதிக்கு மேல் தூர்வாரிய சேறும் சுரங்கம் தோண்டிய மண்ணும்தான், மணலை மிச்சப்படுத்தினார்கள். கொழும்புத் துறைமுக நகரத்தில் 269 ஹெக்டேருக்கு 140 கோடி அமெரிக்க டாலர், சாலை முதலியவை சேர்த்துச் சதுர அடிக்குச் சுமார் 48 டாலர். ஆனால் விற்கக்கூடிய மனை 178 ஹெக்டேர்தான். அதை வைத்து வகுத்தால் 70-ஐத் தாண்டுகிறது. நீர்கொழும்புக் கடலில் மணல் அள்ளியதால் மீன்பிடி கெட்டது என்று போராடிய மீனவர்களின் நஷ்டம் இந்த வகுத்தலில் எங்கும் வராது. வர வேண்டும் என்பது என் கருத்து.

மணல் விலையையும் நம்ப முடியாது. மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் சிங்கப்பூருக்கு மணல் விற்பதை நிறுத்தின. 1995 முதல் 2001 வரை டன்னுக்குச் சராசரி 3 அமெரிக்க டாலராக இருந்த விலை, 2003–05 காலத்தில் 190 டாலருக்குப் போனதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2014 அறிக்கை சொல்கிறது. 1960-களில் 580 சதுர கிலோமீட்டர் போல இருந்து இன்று 735 ஆகியிருக்கும் நாட்டுக்கு அது சாதாரண அடி இல்லை.

இடையில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் தெற்கே சதுப்பையும் ஏரியையும் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி மனை விற்கிறார்கள். வாங்குகிறவர் வாஸ்து பார்க்கிறார், ஈசானிய மூலையில் கிணறு வைக்கிறார். துளை போட்டு மண் பரிசோதனை செய்யச் சொன்னால் “அது எதுக்கு சார், செலவு” என்கிறார். மேடாக்கிய மண்ணுக்கு அடியில் இருக்கும் களிமண்ணுக்குத் திசை தெரியாது, பாரம் மட்டும்தான் தெரியும்.

மணல் விலை ஏறியதால் சிங்கப்பூர் இப்போது டச்சுக்காரர்களின் பழைய வழிக்கும் போயிருக்கிறது. தெக்கோங் தீவின் ஓரத்தில் சுமார் 810 ஹெக்டேரை நிரப்பாமல், 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை மட்டும் கட்டி, உள்ளே நீரை இறைத்துவிட்டார்கள். நிலம் கடல்மட்டத்துக்குக் கீழேயே இருக்கும். மணல் பெருமளவு மிச்சம். அதற்கு விலை, பெய்கிற மழையையும் கசிகிற நீரையும் பம்புகள் என்றென்றைக்கும் வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். மணல் ஒருமுறைச் செலவு, மின்சாரம் மாதாமாதச் செலவு. எது மலிவு என்பது அடுத்த நூறு ஆண்டில் கடல் எவ்வளவு உயர்கிறது என்பதையும் பொறுத்தது.