முதுகில் ஒரு ஜெட்டைக் கட்டினால் போதுமா?

மதுரை விமான நிலைய ஓடுபாதையை நீட்டும் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பக்கத்து டீக்கடையில் ஒரு யோசனையும் கூடவே எழும். அதை ஒழுங்காகக் கேட்டவன் என் அக்கா மகன். "ஏன் மாமா, பழைய மிலிட்டரி பிளேன்ல குட்டி ஜெட் ஒண்ண மாட்டி மலை மேல இருந்தெல்லாம் கிளப்பிருக்காங்க. அதையே இங்க செஞ்சா எதுக்கு இவ்வளவு நிலம்?" ஆதாரத்துக்குச் செல்போனில் வீடியோவும் வைத்திருந்தான். விமானப்படையில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வந்து நிற்கும். முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆனால் அந்த வீடியோக்கள் பாதியைத்தான் காட்டுகின்றன.

அவன் சொன்ன விமானம் நம்மிடமே இருந்தது. 1950களில் அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஃபேர்சைல்டு சி-119 சரக்கு விமானம். படையில் அதற்குப் பெயர் பாக்கெட். இரட்டை வால், இரண்டு பிஸ்டன் என்ஜின், ஒவ்வொன்றும் சுமார் 3,500 குதிரைத் திறன். 1962 ஜூலை 23 அன்று ஸ்க்வாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே இப்படி ஒரு பாக்கெட்டைத்தான் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார். 16,614 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

இதன் விளைவை நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்க இறக்கைக்குக் கூடுதல் வேகம் தேவை. 60 சதவீத அடர்த்தியில் அது ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். ஓட வேண்டிய தூரமோ வேகத்தின் இருமடியில் வளரும். அதாவது என்ஜின் கீழே இழுத்த அதே இழுவையை மேலேயும் கொடுத்தால்கூடத் தூரம் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடிவிடும். என்ஜின் கொடுக்குமா என்றால், கொடுக்காது. அதற்கும் அதே மெலிந்த காற்றுதானே சாப்பாடு!

அதனால்தான் பாக்கெட்டின் முதுகில் மூன்றாவதாக ஒரு ஜெட் ஏறியது. முதலில் அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் ஜே-34. அப்புறம், நாட் போர் விமானத்துக்காகப் பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்த ஆர்ஃபியஸ். ஏறத்தாழ 2,100 கிலோ உந்துவிசை. முதுகில் வைத்ததற்கு நல்ல காரணங்கள் உண்டு. கரடுமுரடான தளத்தில் சக்கரம் கிளப்பும் கல் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. விமானத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் அது ஓடினாலும் நின்றாலும் மூக்கு பக்கவாட்டில் திரும்பாது. ஒரு தொல்லை, உந்துவிசை மேலே இருந்து தள்ளுவதால் மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். விமானி அதைச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

புரொப்பல்லர் விமானத்தில் போய் ஜெட் எதற்கு, இன்னொரு புரொப்பல்லர் வைத்தால் என்ன என்று வகுப்பில் பையன்கள் கேட்பதுண்டு. இந்த இடம் கொஞ்சம் ருசியானது. புரொப்பல்லர் நின்ற இடத்தில்தான் பலமாக இழுக்கும். வேகம் ஏற ஏற, அதே குதிரைத் திறனுக்குக் கிடைக்கும் இழுவை குறைந்துகொண்டே வரும். ஜெட்டின் உந்துவிசை அந்த வேகங்களில் பெரிதாக மாறுவதில்லை. அதனால் சக்கரம் தரையை விடும் நொடியிலும் அதற்குப் பிந்தைய ஏற்றத்திலும்தான் ஜெட்டின் பங்கு மிகப் பெரிது. அந்த நொடியில் இரண்டு பிஸ்டன் என்ஜினில் ஒன்று நின்றுபோனால், லோடு ஏற்றிய பாக்கெட் மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் நம்பி மேலே ஏறத் திணறும். சுற்றிலும் மலை. முதுகில் இருந்த ஜெட் முக்கியமாக அந்த ஒரு நாளுக்கானது. ஓடுபாதை குறைந்தது கூடவே கிடைத்த லாபம் என்பது என் கருத்து.

இலவசமாக எதுவும் வரவில்லை. ஜெட்டுக்கு எடை உண்டு, காற்றுத் தடை உண்டு, தாகமும் ஜாஸ்தி. வியட்நாமில் பறந்த சி-123கே விமானத்தின் இறக்கைகளுக்குக் கீழே இரண்டு ஜே-85 ஜெட்டுகள் இருந்தன. பயணத்தின்போது அவற்றை அணைத்து, முன்வாயைக் கதவு போட்டு மூடிவிடுவார்கள். பெரிய என்ஜின்களுக்கு ஊற்றும் விமானப் பெட்ரோலையேதான் அவையும் குடித்தன. அந்தப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எரிந்த ஈயம் டர்பைன் பிளேடுகளில் படியும். கையில் துணியும் டார்ச்சுமாகக் குனிந்து பார்ப்பவனுக்குத்தான் அந்தச் சாம்பல் நிறப் படிவின் கவலை தெரியும். வீடியோவில் தெரியாது.

ஜெட்டுக்குப் பதிலாக ராக்கெட்டை மாட்டும் விஷயமும் அப்படித்தான். அமெரிக்கக் கடற்படையின் சாகசக் குழுவோடு பறந்த சி-130 விமானம் பக்கத்துக்கு நாலாக எட்டு ராக்கெட்டுகளைக் கொளுத்திச் செங்குத்தாக ஏறும் காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த ராக்கெட்டுகள் சுமார் 15 விநாடிதான் எரியும். 2009க்குப் பிறகு அந்த வித்தையும் நின்றுவிட்டது. இறங்கும்போதும் ராக்கெட்டால் நிறுத்திப் பார்க்கலாம் என்று 1980இல் ஒரு முயற்சி நடந்தது. டெஹ்ரானில் சிக்கிய அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்க ஒரு கால்பந்து மைதானத்துக்குள் சி-130ஐ இறக்கி ஏற்ற வேண்டும் என்பது திட்டம். அக்டோபர் 29 சோதனையில் டேக்-ஆஃப் பிரமாதமாக அமைந்தது. இறங்கும்போது, வேகத்தைக் குறைக்கும் ராக்கெட்டுகள் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே எரிந்துவிட்டன. விமானம் கல்லாக விழுந்து இறக்கை முறிந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அத்தோடு அந்த விமானத்தின் கதை முடிந்தது.

நான் வேலை பார்த்த ஏ.என்-32 சரக்கு விமானம் இந்தச் சிக்கலுக்கு வேறு வழியில் விடை கண்டது. அதன் மூத்த சகோதரி ஏ.என்-26இல் வலது என்ஜின் கூட்டின் பின்பக்கம் சுமார் 800 கிலோ உந்துவிசை தரும் ஒரு சின்ன ஜெட் ஒளிந்திருக்கும். ஏ.என்-32இல் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் 5,000 குதிரைத் திறனைத் தாண்டும் பெரிய டர்போபிராப் (டர்பைனால் புரொப்பல்லரைச் சுழற்றும்) என்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். 1984இலிருந்து நம்மிடம் இருக்கிறது. சூடானாலும் காற்று மெலியும், அதனால் வெயில் வந்தால் அதற்கும் சலுகை கிடையாது. லேயில் விடிகாலை ஏற்றிய லோடு நேரமாகிவிட்டால் அப்படியே போகாது. பெட்டிகளை மறுபடி இறக்கி அடுக்க வேண்டியதுதான். முணுமுணுத்துக்கொண்டே செய்வோம்.

இப்போது நம் மதுரைப் பெருங்குடிக்கு வருவோம். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரம். மே மாத மதியம் 40 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, கணக்குப்படி சுமார் 3,500 அடி உயரத்துக் காற்றின் அடர்த்தி. விமானத்தைப் பொறுத்தவரை அது கொடைக்கானல் மலையில் பாதி ஏறி நிற்கிறது. சில நாட்களில் "லோடு ஜாஸ்தி, உங்கள் பெட்டி அடுத்த ஃப்ளைட்டில் வரும்" என்று கவுண்டரில் சொல்வதற்கு இந்த வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே நிற்கும் பெண்ணிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

பயணிகள் விமானத்துக்கு இன்னொரு விதி உண்டு. ஓடுபாதையில் பாதி வேகம் எடுத்த பிறகு ஒரு என்ஜின் நின்றால், ஒன்று மிச்சமுள்ள என்ஜினில் பத்திரமாக மேலே ஏற வேண்டும், இல்லை பிரேக் போட்டு ஓடுபாதைக்குள்ளேயே நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்வார்கள். முதுகில் மாட்டும் ஜெட் ஏறுவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. போர்க்காலத்தில் ஒரு கேப்டன் 'பரவாயில்லை, போகலாம்' என்று எடுக்கும் முடிவை 180 பேரை வைத்துக்கொண்டு எடுக்க முடியாது.

அக்கா மகன் விடவில்லை. "பாசஞ்சர் பிளேன்ல யாருமே செஞ்சு பாக்கலையா மாமா?" செய்து பார்த்தார்கள். பிரிட்டனின் டிரைடென்ட் 3பி, 1971இல் சேவைக்கு வந்தது. மூன்று என்ஜினுக்கு மேல் வாலில் நாலாவதாக ஆர்பி162 என்ற சின்ன ஜெட், டேக்-ஆஃபுக்கு மட்டும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடும் என்ஜினை மீதி நேரமெல்லாம் சுமக்க வேண்டும், பராமரிக்க வேண்டும். அடுத்த தலைமுறையில் முதன்மை என்ஜின்களே அந்த அளவு பலம் பெற்றுவிட்டதால் நாலாவதைத் தேட வேண்டிய அவசியம் விமானக் கம்பெனிகளுக்கு வரவில்லை.