ஓய்ச்சலுக்கு ஊசி கேட்கும் அண்ணன்களுக்கு

உசிலம்பட்டிப் பக்கம் பதினைந்து வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓய்ச்சலா இருக்கு தம்பி, ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க." கூட வந்த மதினி வெளியே போனதும், தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்வார்கள். சிலர் சொல்லாமலே எழுந்து போய்விடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் நானே கேட்டுவிடுகிறேன்: ஆசை குறைந்துவிட்டதா, விடியற்காலை விறைப்பு வருகிறதா, முன்னே தூக்கிய மூட்டையை இப்போது தூக்க முடிகிறதா?

நாற்பதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைவது இயற்கை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஒரேயடியாக நிற்பதில்லை. அது மட்டுமே இவ்வளவு ஓய்ச்சலைத் தராது. சர்க்கரை, தொப்பை, குடி, குறட்டையோடு மூச்சு அடைக்கும் தூக்கம் எல்லாம் சேரும்போதுதான் அளவு சட்டென்று இறங்குகிறது.

மல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். இருட்டோடு எழுந்து பூப்பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்பி, வீட்டு வேலையெல்லாம் முடித்து அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனது சாயங்காலம் ஆறு மணிக்கு. டெஸ்டோஸ்டிரோன் அளவு 250 (300க்குக் கீழே போனால் குறைவு) என்று வந்ததும், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஹார்மோன் காலையில் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருக்கும். பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஒரு நாள் பூவைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாருங்கள் என்று கெஞ்சி வரவழைத்தேன். இரண்டு தடவையும் 340க்கு மேல். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.8! அவருக்குத் தேவைப்பட்டது சர்க்கரைக்கு மருந்து, ஹார்மோன் ஊசி இல்லை.

இரண்டு காலையிலும் 300க்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால் அது வேறு விஷயம். கோளாறு விதையிலா, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரியிலா என்று பார்த்துத்தான் ஊசியோ ஜெல்லோ. அப்போதும் புராஸ்டேட்டையும் ரத்தம் கெட்டியாகிறதா என்பதையும் விடாமல் கவனிக்க வேண்டும். இன்னும் பிள்ளை வேண்டும் என்பவருக்கு இந்த ஊசி கூடவே கூடாது, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அப்புறம், லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்கள். வெட்கத்தில் அங்கே போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் கேட்காததால்தான் அங்கே போகிறார்கள். ஆனால் இந்த மாதிரி லேகியங்களில் வீரிய மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். வீட்டில் அந்த டப்பா இருந்தால் அடுத்த தடவை வரும்போது எடுத்து வாருங்கள் அண்ணே, திட்ட மாட்டேன்.